கருப்பு டையிலிருந்து புளியங்கொட்டை நிறத்துக்கு: ஒரு டீச்சரின் 14 மாதம்

வேலூர் சத்துவாச்சாரியில் 17 வருடமாகப் பெண்களுக்கான பார்லர் நடத்துகிறேன். 45 வயதைத் தாண்டி வருகிறவர்களில் பாதிப் பேர் முடிக்கு நிறம் போடத்தான் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எனக்கு எந்தக் கலர் நல்லா இருக்கும்?" இந்தக் கேள்விக்கு நான் எவ்வளவு அவசரமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு வாடிக்கையாளர். அவரைப் பற்றி நோட்டில் எழுதி வைத்ததை விரித்து இங்கே எழுதுகிறேன். இரண்டு இடங்களில் நான் தவறு செய்தேன், இரண்டையும் சொல்கிறேன். எழுத அவர் சம்மதம் தந்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். டீச்சர் என்றே சொல்கிறேன், நான் அவரை அழைப்பதும் அப்படித்தான்.

வந்த நாள்

பொங்கல் முடிந்த வாரம் வந்தார். வயது 57. அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். கணவர் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ஃபினிஷிங் பிரிவில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வைகாசியில் அவருக்கு 60 நிறைகிறது, மணிவிழா வைத்திருக்கிறார்கள். டீச்சர் செல்போனில் ஒரு கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"இதைப் பாரும்மா, முகம் எப்படிக் கருத்துப் போச்சு. மணிவிழா ஆல்பத்துலயும் இப்படித்தான் விழப்போகுது. ஃபேஷியல் ஏதாவது பண்ணுவியா?"

படத்தில் முதலில் தெரிந்தது முகமே இல்லை, முடிதான். மை ஊற்றியது போல ஒரே கருப்பு. நெற்றி ஓரத்திலிருந்து கொண்டை வரை ஓர் இழைகூட வேறு நிறம் கிடையாது. தொப்பி வைத்தது போல இருந்தது. இயற்கையான கருப்பு முடி இப்படி இருக்காது. வெயில் பட்ட நுனி பழுப்பாக இருக்கும், காதோரப் பூனைமுடி வெளிறியிருக்கும், வெளிச்சத்தில் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு மாதிரி மின்னும். நம் கண் பழகியது அந்தக் கலவைக்கு. 25 வயதில் அடர்ந்த புருவமும் கண்மையும் அந்தக் கருப்புக்கு ஈடு கொடுக்கும். 57-ல் புருவம் மெலிந்திருக்கும், உதட்டின் நிறம் மங்கியிருக்கும், கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருக்கும். மேலே மட்டும் அட்டைக் கருப்பு இருந்தால் பார்க்கிறவர் கண் நேரே அந்த நிழலுக்குத்தான் போகும்.

சரி, இது நிறப் பொருத்தப் பிரச்சினை என்று முடிவு கட்டிவிட்டேன். "முகம் கருக்கல டீச்சர், முடிதான் அப்படிக் காட்டுது. நாலாம் நம்பர் பிரவுனுக்கு மாத்திடலாம்" என்றேன். சாயக் கம்பெனிகளின் அட்டையில் 1 என்பது கருப்பு, 10 என்பது மிக வெளிர் பொன்னிறம். நம் முடி இயற்கையில் 1 முதல் 3 வரைக்குள் இருக்கும். 4 என்றால் நடுத்தரப் பழுப்பு. நரை மூட, சாயத்தோடு கலக்கிற டெவலப்பர் திரவத்தில் 6 சதவீத பெராக்சைடு உள்ள 20 வால்யூம் போதும். 45 நிமிட வேலை. அன்றைக்கே செய்துவிடலாம் என்று தோளில் போர்த்துகிற துணியைக்கூட எடுத்துவிட்டேன்.

இது என் முதல் தவறு.

அரிப்பு

வகிடு பிரித்துப் பார்த்தேன். கடைசியாக போகிக்கு முதல் நாள் டை அடித்திருந்தார், அடியில் அதற்குள் சன்னமாக ஒரு வெள்ளைக் கோடு. முன்பக்கம் நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் 100 முடிக்கு 80 நரை. உச்சியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பிடரியில் 15, 20 இருக்கும். 38 வயதில் பாக்கெட் டையை ஆரம்பித்தவர். முதலில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒன்று, இப்போது 18 நாளுக்கு ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் வேரிலிருந்து நுனி வரை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அரை சென்டிமீட்டர் வளர்ந்தாலே கன்னங்கருப்புக்குப் பக்கத்தில் வெள்ளை பளிச்சென்று தெரியும். கருப்பு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த டை தேவைப்படும். அந்தச் சுழலில்தான் அவர் 19 வருடமாக இருந்தார்.

காதுக்குப் பின்னால் தோல் தடித்து, செதில் செதிலாக இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"டை அடிச்சா ரெண்டு மூணு நாள் அரிக்கும். அது எல்லாருக்கும் வர்றதுதானே. தேங்காய் எண்ணெய் வெச்சா போயிடும்."

போர்த்துகிற துணியைத் திரும்ப வைத்துவிட்டேன். பிறகு அவரை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போய் முகத்தைப் பார்த்தேன். நெற்றியின் இரு பக்கமும், காதுக்கு முன்னால் கன்னத்திலும் சாம்பல் கலந்த பழுப்பில் திட்டுத் திட்டாக இருந்தது. டியூப் லைட்டில் எனக்குத் தெரியாமல் போனது அது. முகம் கருத்துவிட்டது என்று அவர் சொன்னது உண்மை. முடி அப்படிக் காட்டுகிறது என்று அடித்துச் சொன்ன நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

கருப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா-ஃபெனிலின்டயமின் என்ற பொருள் இருக்கிறது, சுருக்கமாக பிபிடி. நிறம் நன்றாகப் பிடித்து நிற்பதற்குக் காரணம் அதுதான். ஒவ்வாமைக்குப் பெயர் போனதும் அதுதான். தொடர்பு ஒவ்வாமைக்கான அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அரிப்பு, வீக்கம், சிலருக்குக் கண் இமை மூடிக்கொள்ளும் அளவுக்குப் போகும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்னொன்றும் நடக்கும். அரிப்பு பெரிதாக இல்லாமலே, டை படுகிற ஓரங்களில் நிறமி இறங்கி முகம் திட்டாகக் கருத்துவிடும். அழகாகத் தெரிவதற்காக அடிக்கிற டையே முகத்தைக் கருக்க வைக்கிறது என்றால், எந்த ஷேடு பொருந்தும் என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

"முதல்ல தோல் டாக்டரைப் பாருங்க டீச்சர், கலரை அப்புறம் பேசலாம்" என்றேன். அவருக்கு மனம் இல்லை. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வைத்தியத்துக்கு வந்து இறங்குகிற ஊர் இது. உள்ளூரில் இருக்கிற நாமோ அரிப்புக்குத் தேங்காய் எண்ணெயோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் கணவர்தான் கூட்டிப்போனார், அவரை நான் சார் என்பேன்.

முதுகில் மருந்துத் துண்டுகளை ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். நான்காம் நாள் மறுபடியும் பார்த்தார்கள். பிபிடி வைத்த இடம் சிவந்து கொப்பளித்திருந்தது. இனி வாழ்நாள் முழுவதும் பிபிடி கூடாது, பிரவுன் டையும் கூடாது, கிரீம் டையும் கூடாது என்றார் மருத்துவர். பிபிடிக்குப் பதிலாக அதை ஒத்த வேறு சில சாயங்கள் சேர்த்த டைகள் கடையில் உண்டு. அவற்றுக்கும் பலருக்கு உடம்பு அதேபோலத்தான் கிளம்பும் என்பதால் அதுவும் வேண்டாம் என்றார். பல் டாக்டரிடம் போனால் பென்சோகெய்ன் என்ற மரப்பு மருந்தைப் பூசும் முன் இந்த ஒவ்வாமையைச் சொல்லிவிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். திட்டுகள் மங்க மாதக்கணக்காகும் என்றார்.

நான் அன்றைக்கே நாலாம் நம்பரைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். டை அட்டைப் பெட்டி ஒவ்வொன்றிலும் 48 மணி நேரத்துக்கு முன் தோலில் துளி பூசிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் செய்யச் சொல்லிப் போட்டிருக்கும். எங்கள் தொழிலில் பழைய வாடிக்கையாளர், பழைய பிராண்டு என்று அதைத் தாண்டிவிடுவது வழக்கம். பல வருடம் அடித்தவர்களுக்குத்தான் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம். இப்போது என் கடையில் டெஸ்ட் இல்லாமல் யாருக்கும் டை கிடையாது. இதற்காகச் சிலர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள், போகட்டும்.

வெள்ளை வளர்ந்த இரண்டு மாதம்

தோல் ஆறும் வரை எதுவும் போடக்கூடாது. மார்ச் நடுவில் வெள்ளை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது. டீச்சருக்கு அது கொடுமையான காலம். தேர்வு நேரம், விடுப்பும் எடுக்க முடியாது. பக்க வகிடு எடுத்து, முன்முடியைக் கொஞ்சம் தளர்வாகத் தூக்கிச் சீவச் சொல்லிக் கொடுத்தேன். கோடு போட்ட மாதிரி நேர் வகிடு எடுத்தால் வெள்ளை மொத்தமும் ஒரே வரிசையாகத் தெரியும். கோணலாக, கொஞ்சம் வளைத்து எடுத்தால் பாதி மறையும். எந்த வயதிலும் யாரும் வீட்டிலேயே செய்யக்கூடியது இது.

ஆனால் அந்த இரண்டு மாதம்தான் எனக்கு உண்மையில் உதவியது. அவருடைய முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளை எப்படி இருக்கிறது என்பதை முதல் தடவையாகப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. நெற்றி ஓரம் மென்மையாகி, கண் பளிச்சென்று தெரிந்தது. முழுசாக நரையோடு விட்டுவிடலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். "ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கும்மா. இப்ப வேணாம்" என்றார். அது அவருடைய தலை. நரையோடு இருப்பதுதான் துணிச்சல் என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. 19 வருடம் கருப்பாகப் பார்த்த முகத்தைக் கண்ணாடியில் திடீரென்று வெள்ளையாகப் பார்ப்பது எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். யாரையும் அதில் தள்ள மாட்டேன்.

அடுத்தது நிறத்தைத் தேடுவது. மூன்று பட்டுப்புடவை கொண்டுவரச் சொன்னேன்: மாம்பழ மஞ்சள், அரக்கு, நீலம் கலந்த ரோஸ். காலை 10 மணிக்கு, நேர் வெயில் விழாத வாசல் நிழலில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகத் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். மஞ்சளிலும் அரக்கிலும் முகம் தெளிந்தது. ரோஸில் சோகை பிடித்தது போல வெளிறியது. அப்படியென்றால் தோலின் அடிச்சாயல் மஞ்சள் பக்கம். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் வருவார்கள்.

பாடப்படி பார்த்தால் இப்படிப்பட்டவருக்குச் செம்பழுப்பு, தாமிர நிறம் எல்லாம் பொருந்தும். டீச்சருக்குப் பொருந்தவில்லை. ஆரஞ்சு சாயல் உள்ள சவுரி முடி ஒன்றை நெற்றி ஓரத்தில் வைத்ததும் அந்தச் சாம்பல் திட்டுகள் எழுந்து நின்றன. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தை வைத்தால் கண்ணுக்கு அது நீலம் கலந்ததாகத் தெரியும். நிறங்களின் இயல்பே அது. முகத்தில் மங்கு, கருந்திட்டு, கருவளையம் உள்ளவர்களுக்கு அடிச்சாயல் பாடத்தை மட்டும் வைத்து ஷேடு சொல்லக்கூடாது என்று அன்றைக்கு எழுதி வைத்தேன். திட்டுக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். ஆகவே கருப்பும் கூடாது, செம்மையும் கூடாது. அடர் பழுப்பு, அதில் மஞ்சள் பக்கச் சாயல் துளியளவு.

மருதாணியும் அவுரியும்

பிபிடி இல்லாமல் அந்த நிறத்தை எப்படிக் கொண்டுவருவது? மருதாணி மட்டும் போட்டால் வெள்ளை முடி ஆரஞ்சாகும். மருதாணியிலுள்ள லாசோன் என்ற சாயம் முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதன் நிறமே செம்மஞ்சள்தான். மேல்விஷாரத்திலிருந்து வருகிற ஒரு அம்மாவுக்கு 70 வயது, பல வருடமாக மருதாணி மட்டும்தான். கருப்பு அடிப்பது மார்க்கத்தில் ஆகாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். திட்டில்லாத தெளிந்த முகத்துக்கு அந்தச் செம்மை அவ்வளவு அழகாக இருக்கும். டீச்சருக்கு அது உதவாது.

அவுரி சேர்த்தால் கதை மாறும். நீலச் சாயம் எடுக்கிற அதே செடி, திண்டிவனம் பக்கம் இன்றும் பயிரிடுகிறார்கள். மருதாணியின் செம்மஞ்சள் மேல் அவுரியின் நீலம் ஏறினால் பழுப்பு. அவுரி கூடக்கூட அடர்த்தி கூடும். பொடி வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். "கருப்பு மருதாணி", "ஹெர்பல் டை" என்று விற்கிற பாக்கெட்டுகளில் பலவற்றில் பிபிடியைத்தான் கலந்திருப்பார்கள். அரை மணி நேரத்தில் கருப்பு வரும் என்று போட்டிருந்தால் அது வெறும் இலைப்பொடி இல்லை. நல்ல மருதாணிப் பொடி பச்சையாக இருக்கும், காய்ந்த புல் வாசனை வரும், நிறம் பிடிக்க மணிக்கணக்கில் நேரம் எடுக்கும். வாங்கிய பொடிகளையும் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு, டீச்சரின் முழங்கை மடிப்பில் பூசி இரண்டு நாள் பார்த்தோம். இயற்கைப் பொருளுக்கும் ஒவ்வாமை உண்டு.

பிறகு அவருடைய வெள்ளை முடியிலேயே கொஞ்சம் கத்தரித்து நான்கு கற்றையாக நூலில் கட்டினேன். ஒன்றில் மருதாணி மட்டும். ஒன்றில் மருதாணி இரண்டு பங்கு, அவுரி ஒரு பங்கு. ஒன்றில் சரிசமம். நான்காவதில் மருதாணி ஒரு பங்கு, அவுரி இரண்டு பங்கு. எல்லாமே மூன்று மணி நேரம். கலக்கியது கேன் தண்ணீரில், ஏனென்றால் கடையில் வருவது போர் தண்ணீர், துணி துவைத்தால் நுரைகூட வராத உப்பு.

அன்று சாயங்காலம் சார் வந்தார். நான்காவது கற்றை பச்சையடித்திருந்ததால் அதை ஒதுக்கிவிட்டு மூன்றாவதை எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கவில்லை.

"டியூப் லைட்டுல ஷேடு பார்க்காதம்மா. எங்க டேனரில பையர் வந்தா வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரத்துலதான் தோலை வெச்சுக் காட்டுவோம். ராத்திரி ஓகே பண்ணின ஷேடு காலைல வேறயா நிக்கும். அப்புறம் இது இன்னும் காயவே இல்ல. காய்ஞ்சு ஒரு நாள் கழிச்சுப் பாரு."

எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவுரி காற்றுப் பட்டு நிறம் கூடிக்கொண்டே போகும், நிலைக்க இரண்டு நாளாகும். மூன்றாம் நாள் காலை வாசலில் வைத்துப் பார்த்தோம். சமமாகக் கலந்த கற்றை செம்மை தூக்கிய பழுப்பாக நின்றது. முந்தாநாள் பச்சையாக இருந்த நான்காவது, நன்றாகக் காய்ந்த புளியங்கொட்டையின் நிறத்துக்கு வந்திருந்தது. அரக்குப் புடவையின் மேல் வைத்தபோது மூன்று பேரும் ஒன்றும் பேசாமலே அதைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்.

சார் இன்னொன்றும் கேட்டார். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் வெளிர் நீலமாக இருக்கும், ஆவாரம்பட்டையில் பதனிட்டது பழுப்பாக இருக்கும். ஒரே சாயத்தை இரண்டின் மேலும் போட்டால் இரண்டு ஷேடுதான் வரும். "இவ தலையில முன்னாடி வெள்ளை, பின்னாடி கருப்பு. ஒரே கலவையில எப்படி ஒரே கலர் வரும்?" வராதுதான். வரக்கூடாது என்பதற்காகத்தான் எனக்கு இந்த வழி பிடித்தது. பாக்கெட் டை எல்லா முடியையும் ஒரே கருப்பாக மூடிவிடும். மருதாணியும் அவுரியும் கண்ணாடித் தாள் போல மேலே படியும். வெள்ளை இழை பழுப்பாகும், கருப்பு இழை கருப்பாகவே இருந்து வெயிலில் மட்டும் லேசாகச் சிவக்கும். முகத்தை ஒட்டி வெளிர், பின்னால் அடர். ஹைலைட் போட்டுக் காசு கொடுத்து வாங்குகிற கலவையை நரையே செய்துகொடுக்கிறது.

இரண்டாவது தவறு

சித்திரை பிறந்த வாரம் முழுத் தலைக்கும் போடுவதாக நாள் குறித்தோம். முந்தின நாள் முகூர்த்தம், மூன்று கல்யாணப் பெண் அலங்காரம். காலையில் நேரம் இருக்காது என்று இரவே இரண்டு பொடியையும் ஒரே பாத்திரத்தில் கலந்து ஊறவைத்துவிட்டேன். மருதாணி ஊற வேண்டும், பல மணி நேரம் ஊறினால்தான் சாயம் இறங்கும். அவுரி அப்படி இல்லை. கலக்கிய 15 நிமிடத்துக்குள் தலைக்குப் போய்விட வேண்டும், ஊறினால் செத்துவிடும். கற்றை பார்த்தபோது இரண்டையும் தனித்தனியாகக் கலந்து கடைசி நிமிடத்தில் சேர்த்தவள் நான்தான். தெரிந்தே, அவசரத்தில் செய்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து அலசியபோது நெற்றி ஓரம் முழுவதும் செங்கல் நிறம். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அதுதான் எனக்கு வலித்தது. பணம் வாங்காமல், அடுத்த நாள் விடியற்காலை கடையைத் திறந்து அவரை மட்டும் உட்காரவைத்தேன். அவுரியை மட்டும் வெதுவெதுப்பான கேன் தண்ணீரில், சிட்டிகை உப்போடு கலக்கி, பத்து நிமிடத்தில் தலைக்கு ஏற்றினேன். ஏற்கெனவே மருதாணி பிடித்திருந்ததால் அவுரி நன்றாக ஒட்டியது. ஒரு மணி நேரம் வைத்து வெறும் தண்ணீரில் அலசினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கற்றையைவிடக் கொஞ்சம் அடர்த்தி கூடுதல், ஆனால் அதே புளியங்கொட்டைக் குடும்பம்.

இன்னொரு வேலையும் இரண்டு நாளும் செய்தேன். பூசும் முன் நெற்றி ஓரத்திலும் வகிட்டு ஓரத்திலும் வால்சீப்பின் முனையால் மெல்லிய இழைகளாக எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவி, அலுமினியத் தாளில் மடித்துச் சாயம் படாமல் விட்டேன். மொத்தம் 20 இழை இருக்கும். அவை வெள்ளையாகவே இருந்தால், அடுத்த மாதம் வேரில் வருகிற வெள்ளை தனிக் கோடாகத் தெரியாமல் இவற்றோடு கலந்துவிடும். வயதானவர்களுக்கு நிறம் போடும்போது எந்த ஷேடு என்பதைவிட இதையே நான் முக்கியமாக நினைக்கிறேன்.

பழைய கருப்பு நீளத்தில் அப்படியே இருந்தது. சாயத்தின் மேல் சாயம் போட்டால் அடியில் இருக்கிற பழைய நிறம் வெளுக்காது. பிளீச் போட்டால் எடுக்கலாம், ஆனால் 19 வருடம் டை தின்ற முடி அதைத் தாங்காது. நுனியில் நான்கு விரல் அளவு வெட்டச் சம்மதித்தார், மீதியைக் கொண்டையில் சுருட்டிக்கொண்டோம். பூ வைத்தால் யாருக்கும் தெரியாது.

மணிவிழா

ரத்தினகிரி அடிவாரத்தில் ஒரு மண்டபம். மணிவிழாவில் தம்பதிக்குக் கலச நீர் ஊற்றுவார்கள், வெறும் தெளிப்பு இல்லை, தலையோடு நனைவார்கள். அவுரி புதிதாகப் போட்டிருந்தால் முதல் மூன்று நான்கு குளியலுக்கு நீலத் தண்ணீர் இறங்கும். வெள்ளைத் துண்டிலும் புடவையிலும் கறை படும், படத்தில் கழுத்தில் ஒழுகுவதும் விழும். அதனால் வேர் மட்டும் தொட்டுப் போடுகிற வேலையை 10 நாள் முன்னாலேயே முடித்து, நடுவில் மூன்று முறை தலைக்கு ஊற்றி வரச் சொன்னேன். கலச நீர் ஊற்றும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். துண்டில் ஒரு பொட்டு நீலம் இல்லை.

வீடியோ வெளிச்சம் நேரே முகத்தில் அடித்தது. திட்டுகள் அப்போதும் இருந்தன, பாதி மங்கியிருந்தன. ஆனால் அரக்குப் புடவைக்கு மேல் காதோரம் இரண்டு வெள்ளை இழை பறக்க, ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அவர் முகம்தான் தெரிகிறது.

அதன் பிறகு

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஆடியில் ஒரு சொந்தக்காரர் "என்ன டை அடிக்கலயா, உடம்பு சரியில்லயா?" என்று கேட்டுவிட்டார். அன்று இரவு டீச்சர் கடைக்குப் போய்ப் பழைய பாக்கெட்டை வாங்கி வந்துவிட்டு எனக்கு போன் செய்தார். "ஒரே ஒரு தடவை போட்டா என்னம்மா?" ஒரு தடவையே போதும் என்பதுதான் பயம். ஒவ்வாமை ஆறியதாகத் தெரிந்தாலும் உடம்பு மறக்காது, முன்னைவிட வேகமாகக்கூட வரும். அரை மணி நேரம் பேசினோம். மறுநாள் பாக்கெட்டைப் பிரிக்காமல் என் கடையில் கொண்டுவந்து வைத்தார்.

வேலூர் வெயிலில் நிறம் ஐந்தாவது வாரத்தில் செம்மை காட்ட ஆரம்பிக்கிறது. நெல்லிப்பொடி சேர்த்துக் கலப்பதில் கொஞ்சம் அடங்குகிறது, முழுசாக இல்லை. முடி முதல் இரண்டு நாள் வைக்கோல் போல இருக்கிறது. அலசும் கடைசி நீரை மட்டும் கேன் தண்ணீரில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நுனி வரை பூசினால் அடுக்கடுக்காக ஏறிப் பழையபடி கருப்பாகிவிடும், அதனால் வேருக்கு மட்டும்தான். மூன்று நான்கு மணி நேரம் உட்கார வேண்டும், பாக்கெட் டையின் அரை மணி நேரத்துக்கு அது ஈடாகாது. இதை ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

18 நாளுக்கு ஒரு முறை என்றிருந்தது இப்போது ஆறு வாரத்துக்கு ஒரு முறை. காதுக்குப் பின்னால் தோல் வழவழப்பாகிவிட்டது. கன்னத்துத் திட்டு போய்விட்டது, நெற்றியில் இடது பக்கம் மட்டும் நிழல் போல மிச்சம் இருக்கிறது. பழைய கருப்பில் இன்னும் ஒரு சாண் நீளம் கொண்டைக்குள் இருக்கிறது.

இந்தப் பங்குனியில் வந்தபோது நோட்டில் எழுதியது: மருதாணி ஒரு பங்கு, அவுரி ஒன்றரைப் பங்கு, தனித்தனிக் கிண்ணம். வேருக்கு மட்டும், இரண்டரை மணி நேரம். சாயம் படாமல் விட்ட இழைகள் 34. அதில் கடைசி ஆறு அவரே சீப்பை வாங்கிப் பிரித்தெடுத்துக் கொடுத்தவை.